சூடு காட்டாத துணி

ஆறாவது துணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். இழுக்கவில்லை. நூல் வேலை செய்த துணியை இழுத்துத் தேய்க்கிறவன் மடையன். வைக்க வேண்டும், மூன்று எண்ண வேண்டும், தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அடியில் தடித்த துவாலை விரித்திருந்தார். அப்போதுதான் நூல் நசுங்காமல் எழும்பி நிற்கும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாண்டரியில் முப்பத்தைந்து வருஷம் இஸ்திரி போட்ட கை. அங்கே அவருக்குப் பெயரே மடிப்பு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

தேய்த்து முடித்தவை சமையலறை மேஜையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஒரு கோப்பை, ஒரு குடை, ஒரு சாவி, பக்கத்து வீட்டுப் பூனை, மகள் பள்ளிக்குக் கொண்டுபோன பை. எல்லாமே சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக நூலில் போட்டவை. கிராஸ் ஸ்டிச். முன்னறையில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கண் விழிப்பதற்குள் எட்டையும் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். நோயில் விழுந்து ஒன்றரை வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுத்ததைத் தவிர அவளுக்கென்று அவர் கையால் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு முதல் தடவையாக, அவருக்குத் தெரிந்த வேலையை அவள் கேட்டிருந்தாள்.

காலையில் நர்ஸ் வந்துபோனாள். கையைப் பிடித்துப் பார்த்தாள், விரல் நுனியில் கிளிப் மாட்டிப் பார்த்தாள், போர்வையைச் சரிசெய்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா."

"இன்னைக்கே வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மகளுக்குப் போன் செய்துவிட்டு உள்ளே வந்தால், மனைவி தலையணையில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தகர டப்பாவை எடுங்க."

எடுத்துத் திறந்து அவள் மடியில் வைத்தார்.

"எட்டு இருக்கு. எட்டையும் இன்னைக்கு மரத்துல தொங்கவிட்டுப் பாக்கணும் எனக்கு. இனிமே ஊசி பிடிக்க முடியாது. நீங்கதான் செய்யணும். சொல்றேன், கேட்டுக்குங்க."

"ம்."

சொன்னாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து சொன்னாள். அவர் 'ம்' போட்டுக்கொண்டே இருந்தார். கண் அவள் உதட்டில் இருந்தது. உதட்டின் நிறம் நேற்றைக்கு இப்படி இல்லையே என்று இருந்தது. இன்னைக்கே வரச் சொல்லுங்க என்று நர்ஸ் சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் "தேய்ங்க, அது உங்க வேலை" என்றது காதில் விழுந்தது. அப்புறம் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டச் சொன்னாள். பின்பக்கத்துக்குச் சிவப்பு ஃபெல்ட் துணி, உள்ளே கொஞ்சம் பஞ்சு, மேலே ரிப்பன். இவையெல்லாம் விழுந்தன.

இந்த 'ம்' முப்பத்து மூன்று வருஷத்து 'ம்'. கல்யாணமான புதிதிலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சுவத்துல ரெண்டு காது வரைஞ்சு வெச்சா அதுகூட உங்களைவிட நல்லா கேக்கும் என்பாள். நாலு பேர் இருக்கும் இடத்திலும் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மரம் முன்னறையில் கட்டிலுக்கு எதிரே இருந்தது. இடுப்புயர பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நேற்று அவள் கேட்டாள் என்று மேல் அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி நிறுத்தினார். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டம்மா, "என்ன, இப்பவேவா?" என்று கேட்டுவிட்டு, கேட்டபிறகு விஷயம் புரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மொட்டை மரம். அதில் தொங்க வேண்டிய கண்ணாடிக் குண்டுகளெல்லாம் போன வீட்டோடு போயிற்று. போயிற்று என்ன, அவர்தான் உடைத்தார். வீடு மாறிய அன்று, வண்டியில் அந்த அட்டைப்பெட்டியின் மேல் தன் பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். அதன் மேல் ஏதோ மூட்டை. வந்து இறக்கும்போது அட்டைப்பெட்டி சலசலவென்றது. அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்த குண்டுகள். ஒவ்வொன்றையும் எந்த வருஷம் யார் வாங்கியது என்று சொல்வாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். திட்டுவாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வண்டியைப் பெருக்கப் போய்விட்டாள். அந்த முகத்தை அவர் மறக்கவேயில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார ஆரம்பித்தபோதுதான் இந்தத் துணியை வாங்கினாள். சும்மா உக்காந்திருந்தா மனசு கண்டதையும் நினைக்குது, நாலு பொம்மை போட்டா மரத்துக்கு ஆகும் என்றாள். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது குடை. மருந்து ஏற்றுவதற்குக் காத்திருந்தபோது பூனையின் பாதி. இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வாரம் மீதிப் பூனை. ஒன்பதாவதாக ஒன்று தையல் வளையத்தில் மாட்டியபடி தலையணைக்கு அடியில் இருந்தது. அது என்ன என்று கேட்டால், "முடிச்சுட்டுக் காட்டுறேன், போங்க" என்பாள்.

எட்டாவதைத் தேய்த்துத் தூக்கியபோது வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. மகள். பக்கத்து ஊரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். நேராக அம்மாவிடம் போய், நெற்றியில் கை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேஜையைப் பார்த்தாள்.

"அம்மா முடிச்சிட்டாளா எல்லாத்தையும்?"

"எட்டு. நான் தேச்சு வெச்சிருக்கேன் பாரு. ஒரு சுருக்கம் கிடையாது."

அவள் கோப்பையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். கீழே வைத்தாள். குடையை எடுத்தாள்.

"அப்பா, தண்ணியில போட்டீங்களா இதை?"

"எதுக்கு?"

"கோடு இருக்கே."

"கோடு அவ போட்டது. நான் ஒண்ணும் பண்ணல."

"அம்மா போட்டதுதான்பா. அது பேனா. பத்துப் பத்துக் கட்டமா எண்ணுறதுக்குப் போட்டுக்குற கோடு. வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில முக்கினா ரெண்டு நிமிஷத்துல போயிடும். நான்தானே வாங்கிக் கொடுத்தேன். சூடு பட்டா போகாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்."

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். காலையில் டப்பாவைத் திறந்தபோது கோடு வெளிர் நீலமாக இருந்தது. இப்போது ஆறிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. கோப்பையின் நடுவே நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று. பூனையின் முகத்தில் மூக்கை ஒட்டி ஒன்று. மூன்றாவது துணியிலேயே நிறம் மாறுவதைப் பார்த்த ஞாபகம் வந்தது. சூட்டில் மங்குகிறது, போய்விடும் போல என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்திருக்கிறார்.

முதல்ல என்று காலையில் மனைவி ஆரம்பித்தது இப்போது காதில் கேட்டது. "முதல்ல" என்றாள். மூச்சு வாங்கினாள். அப்புறம் ஏதோ சொன்னாள்.

லாண்டரியில் புதிதாக வேலைக்கு யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவர்தான் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார். கறை இருக்கிற துணிக்குச் சூடு காட்டாதே. சட்டையைத் திருப்பிப் பார், காலரைப் பார், கையைப் பார், அப்புறம் பெட்டியைத் தொடு. சூடு காட்டாதவரை எந்தக் கறைக்கும் வழி உண்டு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஆனால் இதைக் கறை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அவள் கையால் போட்ட கோடு எப்படிக் கறையாகும்?

"அம்மா சொல்லலியா?" என்றாள் மகள்.

"சொன்னா."

மகள் அவரைப் பார்த்தாள். அந்த 'ம்' அவளுக்கும் தெரியும், அதைக் கேட்டு வளர்ந்தவள்தானே. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள்.

தண்ணீருக்குப் போகவில்லை. சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சை பிழிந்து வெயிலில் வைத்தார். வினிகரில் ஊறவைத்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நூலில் படாமல் கோட்டை மட்டும் நீவினார். ரத்தக் கறை, மைக் கறை, துரு, லிப்ஸ்டிக், குழந்தை கக்கினது, எல்லாவற்றுக்கும் கைவசம் வைத்தியம் உள்ள ஆள். சமையலறை முழுக்கப் புளித்த நெடி ஏறியதுதான் மிச்சம். கடைசியில் லாண்டரிக்குப் போன் போட்டார். அங்கே கறை எடுக்கும் மேஜையில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஆளை எல்லாரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னய்யா மடிப்பு, வீட்ல எப்படி இருக்காங்க?"

"இருக்கா. ஒரு துணி, புள்ளி. பேனாக் கோடு. தண்ணியில போற வகை."

"அப்ப தண்ணியில போடு."

"சூடு காட்டிட்டேன்."

அந்தப் பக்கம் நீராவி பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு, நீயா?"

"நான்தான்."

"வினிகர் பாத்தியா?"

"பாத்தேன். எலுமிச்சையும் பாத்தேன்."

"பிளீச்சிங் பவுடர் போட்டா நூல் சாயம் சேர்ந்து போயிடுமே."

"போயிடும்."

புள்ளி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கிற மாதிரி பாவனைதான். இரண்டு பேருக்குமே பதில் தெரியும்.

"விட்டுடுய்யா. சூடு காட்டினது காட்டினதுதான். உனக்குத் தெரியாததா."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் துணிகளை ஒன்றொன்றாகப் பிழியாமல் அழுத்தி நீரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாட்ட சொல்லிடலாம்பா. சிரிப்பா."

"சிரிக்க மாட்டா."

"கோவமெல்லாம் படமாட்டா."

"கோவப்பட்டாத்தான் தேவலையே."

மகளுக்குப் புரியவில்லை. அவருக்கு அதை விளக்கத் தெரியவில்லை. மனைவி போகப்போகிறாள் என்பது காலையிலிருந்து நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போவதற்கு முன் அன்றைக்கு அட்டைப்பெட்டியை மூடிவிட்டுத் திரும்பின அதே முகத்தோடு இன்னொரு தடவை அவரைப் பார்த்துவிட்டுப் போவாளே, அதை நினைத்துத்தான் பயந்தார்.

"செஞ்சிடுவோம். தொங்கவிட்டுப் பாக்கணும்னு கேட்டா, தொங்கவிடுவோம். தூரத்துல இருந்து பாத்தா தெரியாது."

"தெரியும்பா."

"திரையை இழுத்து விடு."

ஈரத்தைப் போக்க மறுபடி இஸ்திரிப் பெட்டியைத்தான் எடுத்தார். இனி அதற்குப் பயந்து என்ன ஆகப்போகிறது. விரல் அகலம் விட்டு வெட்டினார். ஓரத்தைப் பின்பக்கம் மடித்தார். மூலைகளில் துணி திரண்டு நிற்காமல் சாய்வாக ஒரு மடிப்பு, அதன்மேல் நேராக ஒரு மடிப்பு. இதில் மட்டும் கை தவறவில்லை. மகள் சிவப்புத் துணியை அதே அளவுக்கு வெட்டிப் பின்னால் வைத்து ஓரம் சுற்றித் தைத்தாள். கடைசிப் பக்கத்தை மூடுமுன் பஞ்சு திணிக்க வேண்டும். பஞ்சு வாங்கி வைத்திருக்கவில்லை. அவர் தன்னுடைய தலையணையின் தையலைப் பிரித்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, நீங்க எதுல படுப்பீங்க?"

"படுத்துட்டாலும்."

இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு முன்னறைப் பக்கம் பார்த்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முடித்தபோது மூன்றரை மணி. எட்டும் தடித்த சின்னத் தலையணைகளாக ரிப்பனோடு கிடந்தன. தைத்தது நேர்த்தி, மூலைகள் நேர்த்தி. கோடு மட்டும் நிற்கிறது. பஞ்சு அடைத்து உப்பியதில் முன்பைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் மரத்தில் மாட்டினார். சாவியையும் பையையும் மேலே, பூனையை நடுவில். கோப்பையை மாட்டும்போது அவள் குரல் கேட்டது.

"என்ன புளிச்ச வாசனை?"

கை அப்படியே நின்றது.

"உன் பொண்ணு ஏதோ சமைக்கிறா."

"அவ வந்தாச்சா?"

"வந்துட்டேம்மா," என்று மகள் ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்று சொல்ல முடியாது. மேலே வைத்திருந்தாள். கண் மரத்தின் மேல் போயிற்று.

"திரை போட்டிருக்கே."

"வெயில் உள்ள அடிக்குது," என்றார்.

"எட்டும் இருக்கா?"

"எட்டும் இருக்கு."

"ஒண்ணு கொண்டாங்க."

எதைக் கொண்டுபோவது என்று தடுமாறினார். எல்லாவற்றிலும் இருந்தது. கையில் இருந்தது கோப்பை; அதையே கொண்டுபோனார். அவள் கையை விரித்து அதில் வைத்தார். அவள் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரப் பார்த்தாள், முடியவில்லை, மகள் தூக்கிக் கொடுத்தாள். அவள் பார்த்தாள். கண் சரியாகத் தெரிகிறதா, பாதி மயக்கமா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டைவிரல் கோப்பையின் மேல் மெதுவாகப் போயிற்று. நடுவில் நின்றது.

"கோடு போயிடுச்சா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போயிடுச்சு."

"எல்லாத்துலயும்?"

"ம்."

அவள் அவரைப் பார்த்தாள். லாண்டரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பத்து மூன்று வருஷம் அவன் சட்டையில் வினிகர் வாசனையைத் துவைத்தவள். வினிகரை எதற்கு எடுப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவர் அந்த முகத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"நல்லா தேச்சிருக்கீங்க," என்றாள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. மகள் 'அம்மா, அம்மா' என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனைவியின் காலடியில் நின்று, இப்போது சொல்லிவிடலாம், போகலடி, ஒண்ணுலகூடப் போகல, நான்தான் காதுல வாங்கல என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொல்லாமல் போர்வை ஓரத்தை மடித்துவிட்டார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்துதான் சுவிட்சை அணைத்தாள்.

கோப்பை அவள் கைக்குள்ளேயே இருந்தது. எடுக்கலாமா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தார்கள். இவ்வளவும் அவங்க போட்டதா என்றார்கள். பொறுமையைப் பாருங்களேன் என்றார்கள். ஒரு அம்மாள் குடையைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கட்டம் போட்டிருக்கிறதுதான் அழகே. இதுவும் டிசைனா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க," என்றாள் மகள்.

புள்ளி மதியத்துக்கு மேல் வந்தார், லாண்டரிச் சட்டையோடு. சவப்பெட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும்போது மரத்தின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பூனையை வெளிச்சத்துக்குத் திருப்பி உற்றுப் பார்த்தார். எந்தக் கறையையும் அப்படித்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி விட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடக்கத்துக்குக் கிளம்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வீட்டில் இரண்டு பேர்தான். மகள் கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவினாள். எதையாவது செய்தால்தான் நிற்க முடியும் போலிருந்தது அவளுக்கு. தலையணையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"அப்பா."

தலையணைக்கு அடியில் வளையம். ஒன்பதாவது. ஊசி இன்னும் துணியில் குத்தியபடியே இருந்தது, அதில் சாம்பல் நிற நூல் பாதி. அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு இஸ்திரிப் பெட்டி. இரும்பில் செய்த அந்தப் பழைய பெட்டிதான், அட்டைப்பெட்டியின் மேல் அவர் தூக்கி வைத்தது. அடிப்பாகம் முழுசாக முடிந்திருந்தது. கைப்பிடி பாதிதான். சுற்றிலும் வெளிர் நீலத்தில் கோடுகள், பத்துப் பத்துக் கட்டமாக.

"உங்களுக்குத்தான் போட்டிருக்கா," என்றாள் மகள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அவர் கடைசியாகச் சொன்ன சொல் ஒரு பொய். அதுவும் ஒரு 'ம்'. அதை இனி எந்தத் தண்ணீரிலும் போட முடியாது. அவள் தெரிந்துகொண்டு போனாளா, தெரியாமல் போனாளா என்று கேட்கவும் இனி ஆள் இல்லை.

எழுந்து போய் அகலப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்தார். ஊசியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். வளையத்தின் திருகைத் தளர்த்தித் துணியை விடுவித்தார். மகள் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். துணியைத் தண்ணீரின் மேல் போட்டு, விரல் நுனியால் அழுத்தினார். அது கொஞ்சம் மிதந்துவிட்டு அமிழ்ந்தது.

"ரெண்டு நிமிஷம் விடணும்பா," என்றாள் மகள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓரத்தில் இருந்த கோடு முதலில் போயிற்று, அப்புறம் நடுக்கோடு. தண்ணீரில் நீலம் இருந்த மாதிரியே தெரியவில்லை. பாதிக் கைப்பிடியோடு இஸ்திரிப் பெட்டி மட்டும் வெள்ளைத் துணியில் கிடந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவுதானா என்று வாய்க்குள் சொன்னார்.

துணியை எடுத்துத் துவாலையில் விரித்தார். அத்தனை மாதம் வளையத்தில் இறுகிக் கிடந்ததில் துணியில் வட்டமாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. விரலால் நீவினார். அது போகவில்லை.

"காஞ்சதும் ஒரு தடவை தேச்சா போயிடும்பா," என்றாள் மகள், மெதுவாக.

இஸ்திரிப் பெட்டி மேஜை ஓரத்தில் நேற்று வைத்தபடியே இருந்தது. அவர் அதன் வயரைச் சுற்றிக் கட்டி, மேல் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வந்து துணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருக்கட்டும்," என்றார்.